3.8 மில்லிகிராம் எங்கிருந்து வந்தது?

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் எங்கள் பெட் ஸ்கேன் பிரிவில் கொஞ்சம் மூச்சு விடலாம். ஊசியில் ஏற்றிய கதிரியக்க மருந்து உடலில் எங்கே சேர்கிறது என்று படமெடுப்பதுதான் பெட் ஸ்கேன். காலையில் வந்த மருந்து தீர்ந்திருக்கும். கடைசி நோயாளி மேசையில் படுத்திருப்பார். அப்படி ஒரு மத்தியானம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி தன் அம்மாவுக்கு வாங்கிய மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவைத் திருப்பிக் காட்டினார். “அண்ணே, டி.எச்.ஏ.ங்கிற கொழுப்பு 120 மில்லிகிராம்னு போட்டிருக்கு. மூளைக்கு நல்லதாம். மூளைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவுதான் வேணும்?”

அதற்கு ஒரு பதில் உண்டு. நாளுக்கு 3.8 மில்லிகிராம். 2009-ல் ‘ஜர்னல் ஆஃப் லிப்பிட் ரிசர்ச்’ இதழில் ஜான் உம்ஹாவ், ஸ்டான்லி ராப்பபோர்ட் குழுவினர் வெளியிட்ட எண் அது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பெதஸ்டா ஊரில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இவர்கள். நோய் எதுவும் இல்லாத 14 பெரியவர்களை பெட் ஸ்கேனில் படுக்கவைத்து அளந்தார்கள். உயிரோடிருக்கும் மனித மூளை ரத்தத்திலிருந்து எவ்வளவு டி.எச்.ஏ. எடுத்துக்கொள்கிறது என்று அதுவரை யாரும் அளந்ததில்லை.

தம்பி கைபேசியை எடுத்து 120-ஐ 3.8-ஆல் வகுத்துவிட்டார். “முப்பது மடங்குக்கு மேல இருக்கேண்ணே!” அப்படி வகுக்கக் கூடாது. ஏன் கூடாது என்று சொல்லப் போய், அது ஒரு வாரப் பேச்சாக நீண்டது. அந்தப் பேச்சைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சிவப்பும் மஞ்சளுமான மூளைப் படத்தைக் காட்டுகிறார்கள். என் கட்சி வேறு. அந்த எண்ணில் படத்தின் பங்கு பாதிகூடக் கிடையாது. மீதி முழுக்க மணிக்கட்டில் எடுத்த ரத்தத்திலிருந்து வந்தது.

கிணறும் ஊற்றும்

டி.எச்.ஏ. என்பது 22 கார்பன் நீளமுள்ள, ஆறு இரட்டைப் பிணைப்பு கொண்ட ஒமேகா-3 கொழுப்பு அமிலம். நரம்பு செல்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களின் சவ்விலும் விழித்திரையிலும் இது நிறைய இருக்கிறது. நம் உடலால் இதை அடியிலிருந்து செய்ய முடியாது. ஆளி விதையில் இருக்கும் ஆல்பா லினோலெனிக் அமிலத்திலிருந்து கொஞ்சம் மாற்றிக்கொள்ளும், மிகக் கொஞ்சம். மற்றபடி மீன், முட்டை, தாய்ப்பால் என்று சாப்பாட்டிலிருந்து வந்தாக வேண்டும்.

மூளையில் இருக்கும் மொத்த டி.எச்.ஏ. சுமார் 5 கிராம். இது பிணக்கூறாய்வில் எடுத்த மூளைகளை வைத்துச் சொல்லும் கணக்கு. ஆனால் அது கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பது மாதிரி. ஊற்று எவ்வளவு சுரக்கிறது என்று அதைவைத்துச் சொல்ல முடியாது.

இதில் இன்னொரு சிக்கல். நரம்பு செல்கள் வேலை செய்யும்போது சவ்விலிருந்து டி.எச்.ஏ. பிய்க்கப்படுகிறது, பாஸ்போலிப்பேஸ் என்ற நொதி அதைச் செய்கிறது. பிய்ந்ததில் பெரும்பகுதி அங்கேயே மறுபடி ஒட்டப்படுகிறது. கொஞ்சம் மட்டும் எரிந்தோ வேறு பொருளாக மாறியோ காணாமல் போகிறது. அந்தக் காணாமல் போன பங்கை ரத்தம் ஈடு செய்கிறது. நலமான பெரியவரின் மூளையில் இருப்பு ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை என்று வைத்துக்கொண்டால், உள்ளே வருவதை அளந்தாலே செலவையும் அளந்ததாகிவிடும். தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தில் மூளை உடலியங்கியல் பிரிவை நடத்திவந்த ராப்பபோர்ட், எலி, குரங்கு, மனிதன் என்று பல ஆண்டுகள் பிடித்துத் தொங்கிய கருத்து இது. நலமானவர்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. இருப்பே ஆட்டம் காணும் மூளையில் வரவைச் செலவு என்று சொல்ல முடியாது.

இருபது நிமிடக் கார்பன்

அந்த வரவை அளக்க, டி.எச்.ஏ.-விலேயே ஒரு கதிரியக்க அணுவை வைத்து ஊசியில் போட வேண்டும். இவர்கள் வைத்தது கார்பன்-11. எங்கள் வேலையில் தினமும் கையாளும் எஃப்.டி.ஜி. மருந்தில் இருப்பது ஃப்ளூரின்-18. அதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடம். வேறு ஊரில் உள்ள, கதிரியக்க அணுக்களைச் செய்யும் சைக்ளோட்ரான் இயந்திரத்தில் காலையில் செய்து, ஈயப் பெட்டியில் வைத்து வண்டியில் ஏற்றினால் நாங்கள் ஊசி போடும்வரை தாங்கும். கார்பன்-11 அப்படி இல்லை. 20 நிமிடத்தில் பாதி போய்விடும். சைக்ளோட்ரான் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால்தான் பேச்சே.

ஃப்ளூரினையே ஒட்டிவிட்டால் என்ன என்று தம்பி கேட்டார். ஒட்டலாம். ஆனால் அப்போது அது டி.எச்.ஏ. அல்ல, டி.எச்.ஏ. மாதிரி ஒன்று. நொதிகள் அதை எப்படி நடத்தும் என்று தனியாக நிரூபிக்க வேண்டும். கார்பனுக்குப் பதில் கார்பன் வைத்தால் மூலக்கூறு அப்படியே இருக்கும். உடலுக்கு வித்தியாசம் தெரியாது.

செய்முறையும் அழகானது. சைக்ளோட்ரானில் நைட்ரஜன் வாயுவைப் புரோட்டான்களால் தாக்கினால் கார்பன்-11 கிடைக்கும். அதைக் கார்பன் டை ஆக்சைடாகப் பிடித்துக்கொள்கிறார்கள். இன்னொரு பக்கம், டி.எச்.ஏ.-வின் தலைக் கார்பன் மட்டும் இல்லாத 21 கார்பன் சங்கிலியைக் கிரின்யார் வினைபொருளாக, அதாவது கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும் வடிவில், தயாராக வைத்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் கதிரியக்கக் கார்பன் சரியாக அமிலத் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு சுத்திகரித்து, ஆல்புமின் புரதத்தோடு கலந்து, வடிகட்டி, தரம் பார்த்து, ஊசிக்குள் ஏற்ற வேண்டும். இதற்கெல்லாம் 40 நிமிடம் ஆனால் செய்ததில் நாலில் ஒரு பங்குதான் கையில் மிஞ்சும். நடுவில் ஒரு வால்வு அடைத்துக்கொண்டால் அன்றைய ஸ்கேன் ரத்து. மேசையில் படுத்திருப்பவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

தலையில் ஏன் ஒட்டினார்கள் என்பது முக்கியம். கொழுப்பு அமிலம் எரியும்போது தலைப்பக்கத்திலிருந்து இரண்டு இரண்டு கார்பனாக வெட்டப்படும். ஆக, எரிந்த மூலக்கூறின் கதிரியக்கக் கார்பன் முதல் வெட்டிலேயே கழன்று, கார்பன் டை ஆக்சைடாக மாறி, ரத்தத்தோடு போய்விடும். சவ்வில் ஒட்டிக்கொண்ட மூலக்கூறின் கார்பன் மூளையிலேயே நிற்கும். படத்தில் தெரிவது பெரும்பாலும் ஒட்டியதுதான், எரிந்தது அல்ல.

பெரும்பாலும் என்றேன். கல்லீரலும் இதயமும் எரித்த பங்கிலிருந்து வரும் கதிரியக்கக் கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் சுற்றி மூளைக்கும் வந்து சேரும். ஸ்கேனருக்கு அதுவும் ஒளிதான். அதைத் தனியாக அளந்து கழிக்காவிட்டால் மூளை எடுத்துக்கொண்டதை அதிகமாகச் சொல்லிவிடுவோம்.

மணிக்கட்டில் நடந்த பாதி ஆய்வு

ஸ்கேனர் தருவது ஒன்றே ஒன்று: மூளையின் இந்த மூலையில் இந்த நிமிடத்தில் இவ்வளவு கதிரியக்கம். அது அதிகமாக இருப்பதற்கு மூளை நன்றாக இழுத்தது காரணமாக இருக்கலாம். ஊசியில் போட்டது அதிகம், அல்லது அந்த ஆளின் ரத்தத்தில் மருந்து வெகுநேரம் சுற்றியது என்பதும் காரணமாக இருக்கலாம். படத்தை மட்டும் வைத்து இந்த மூன்றையும் பிரிக்கவே முடியாது.

அதனால் மணிக்கட்டுத் தமனியில் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாய் ஒன்றைச் செருகுகிறார்கள். மருந்து இன்னொரு கையின் சிரையில் மெதுவாக ஏறத் தொடங்கியதும் தமனியிலிருந்து ரத்தம் எடுப்பதும் தொடங்கிவிடும். முதலில் சில நொடிக்கு ஒன்று, பிறகு சில நிமிடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு குப்பியிலும் நேரத்தை நொடிக் கணக்கில் எழுத வேண்டும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து, அதிலிருந்து கொழுப்பை மட்டும் கரைப்பானில் இறக்கி, அதில் எவ்வளவு கதிரியக்கம் என்று எண்ண வேண்டும். எண்ணிக்கொண்டிருக்கும்போதே கார்பன்-11 தேய்ந்துகொண்டிருக்கும். தேய்மானத்துக்குத் திருத்தம் போட வேண்டும். எண்ணும் கருவியும் ஸ்கேனரும் ஒரே அளவுகோலில் பேசுகின்றனவா என்று முன்பே சரிபார்த்திருக்க வேண்டும். இதில் ஒரு கடிகாரம் அரை நிமிடம் பிசகினாலும் வளைகோடு முழுவதும் நகர்ந்துவிடும். படத்தில் அந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது.

இனி கணக்கு. மூளையில் நின்றுபோன கதிரியக்கத்தை, ரத்தம் அந்த நேரம் முழுவதும் மூளைக்குக் காட்டிய மொத்தக் கதிரியக்கத்தால் வகுத்தால் ஒரு கெழு வரும். இவர்கள் அதை ‘கே ஸ்டார்’ என்கிறார்கள். எவ்வளவு காட்டினார்கள், அதில் எவ்வளவு நின்றது என்பது மாதிரியான விகிதம். இது வெறும் விகிதம்தான், மில்லிகிராம் அல்ல. மில்லிகிராம் வர வேண்டுமானால், அந்த ஆளின் பிளாஸ்மாவில் கதிரியக்கம் இல்லாத சாதாரண டி.எச்.ஏ., வேறு கொழுப்போடு பிணையாத கட்டற்ற நிலையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அதால் கே ஸ்டாரைப் பெருக்க வேண்டும். அந்த அளவு, சாப்பிட்டோமா பட்டினியா, பதற்றமா நிதானமா என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். தமனியில் ஊசி குத்தும்போது யாருக்குத்தான் பதற்றம் வராது?

ஆக மூன்று அளவுகள்: ஒன்று படத்திலிருந்து, இரண்டு ரத்தத்திலிருந்து. ஒரு மணி நேர அளவை நாள் கணக்குக்கு நீட்டினால் 3.8 வருகிறது. அதோடு கூடவோ குறையவோ 1.7 என்று ஆய்வே சொல்கிறது. 14 பேருக்குள் அவ்வளவு பரவல். செய்தியாக எழுதும்போது முதலில் உதிர்வது இந்த 1.7-தான்.

ரத்த ஓட்டத்தைத்தான் அளந்தார்களா?

இந்த ஆய்வில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒரு துணை அளவு. அதே ஆட்களுக்கு ஆக்சிஜன்-15 கலந்த தண்ணீரை ஊசியில் போட்டு மூளையின் ரத்த ஓட்டத்தையும் படம் எடுத்தார்கள். அதன் அரை ஆயுள் இரண்டே நிமிடம். சாம்பல் நிறப் பகுதிகளில் டி.எச்.ஏ. அதிகம் ஏறியது, வெண்பகுதியில் குறைவு. ரத்த ஓட்டமும் அதே மாதிரி. 14 பேரில் 12 பேருக்கு இரண்டும் குறிப்பிடத்தக்க அளவில் ஒத்துப்போயின.

சந்தேகம் உடனே வரும். ரத்தம் அதிகம் போகும் இடத்தில் மருந்தும் அதிகம் போயிருக்கும், அவ்வளவுதானே? இவர்கள் அளந்தது கொழுப்பு அமிலமா, ரத்த ஓட்டமா?

இதற்கான பதில் 1997-லேயே தயாராக இருந்தது. ராப்பபோர்ட் குழு குரங்குகளைக் கார்பன் டை ஆக்சைடு அதிகமான காற்றைச் சுவாசிக்கவைத்து, கதிரியக்க அராக்கிடோனிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலத்தின் ஏற்பை, அதாவது மூளை அதை எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதை, பெட் மூலம் அளந்திருந்தது. அந்தக் காற்று மூளையின் ரத்த ஓட்டத்தை எகிறவைக்கும். ஓட்டம் எகிறியும் ஏற்புக் கெழு, அதாவது அந்த கே ஸ்டார், மாறவில்லை. காரணம் எளிது. ரத்தம் ஒரு முறை மூளையைக் கடக்கும்போது கொழுப்பு அமிலத்தில் மிகச் சிறிய பங்கையே மூளை எடுக்கிறது. ரேஷன் கடை வாசலில் எவ்வளவு பெரிய கூட்டம் நின்றாலும் எடை போடுகிறவர் ஒருவர்தான் என்றால், கூட்டம் இரண்டு மடங்கானாலும் அரிசி போகும் வேகம் மாறாது. பிறகு ஏன் இரண்டும் ஒத்துப்போகின்றன? நரம்பு செல்கள் மும்முரமாக இருக்கும் இடத்துக்கு ரத்தமும் அதிகம் வேண்டும், சவ்வைப் பழுதுபார்க்கும் பொருளும் அதிகம் வேண்டும். இரண்டும் ஒரே எசமானனுக்கு வேலை செய்கின்றன.

இதே குழு 2007-ல் வேறொரு சோதனை செய்தது. ஆட்களின் கண்முன் விளக்கை மினுக்கவிட்டு அராக்கிடோனிக் அமிலத்தின் ஏற்பை அளந்தார்கள். பார்வைக்குரிய மூளைப் பகுதிகளில் கெழு சில சதவீதம் உயர்ந்தது. சில சதவீதம்தான், ஆனால் ஒட்டுவது செல்களின் வேலையோடு சேர்ந்து நகர்கிறது என்பதற்கு நலமான மனிதரில் கிடைத்த நேரடிச் சான்று அது.

ஐந்து கிராமும் இரண்டரை வருடமும்

இருப்பு 5 கிராம், அதாவது 5000 மில்லிகிராம். நாளுக்கு வரவு 3.8. இங்கே அரை ஆயுள் என்றால் இருப்பில் பாதி புதிதாக மாற ஆகும் காலம். அதைக் காண 0.693-ஐ 5000-ஆல் பெருக்கி 3.8-ஆல் வகுக்க வேண்டும். 912 நாள். சுமார் இரண்டரை வருடம். ஆய்வறிக்கை சொல்வதும் இரண்டரை வருடம்தான்.

இப்போது அந்த 1.7-ஐ உள்ளே விட்டுப் பார்த்தேன். நாளுக்கு 5.5 என்றால் அரை ஆயுள் ஒன்றே முக்கால் வருடத்துக்குச் சற்றுக் குறைவு. 2.1 என்றால் நாலரை வருடம். ஆளுக்கு ஆள் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது ‘இரண்டரை வருடம்’ என்று ஒரே மூச்சில் சொல்வது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. எந்த வரிசையில் நிற்கிறது என்று சொன்னால் போதும்: நாட்கள் அல்ல, வாரங்கள் அல்ல, வருடங்கள்.

அதுவே பெரிய சேதி. இரண்டரை வருட அரை ஆயுள் உள்ள மூளையில், ஆறு மாதத்தில் பழைய டி.எச்.ஏ.-வில் சுமார் 13 சதவீதம்தான் புதிதாக மாறியிருக்கும். ‘மூன்று மாதம் மாத்திரை கொடுத்தோம், ஞாபகசக்தி மாறவில்லை’ என்று வரும் சோதனைகளைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும். 2010-ல் வெளியான பெரிய அமெரிக்கச் சோதனை ஒன்றில் அல்சைமர் நோயாளிகள் 402 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்குப் பாசியிலிருந்து எடுத்த டி.எச்.ஏ.-வை நாளுக்கு 2 கிராம் வீதம் 18 மாதம் கொடுத்தார்கள். நோயின் வேகம் குறையவில்லை. இந்த அரை ஆயுளை வைத்துப் பார்த்தால் 18 மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு புதுப்பிக்கப்பட்டிருக்கும். ஆனால் 3.8 நலமானவர்களின் எண். நோயுற்ற மூளைக்கு அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது. ‘இன்னும் நீண்ட நாள் கொடுத்திருந்தால் பலித்திருக்கும்’ என்று சாக்குச் சொல்லவும் இந்த எண் உதவாது. மாத்திரை விற்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அராக்கிடோனிக் அமிலத்துக்கு இதே முறையில் வந்த எண் நாளுக்கு 18 மில்லிகிராமுக்குச் சற்றுக் கீழே. ஒமேகா-6 வகையைச் சேர்ந்த அதை மூளை பல மடங்கு வேகமாகச் செலவழிக்கிறது. டி.எச்.ஏ. புகழ் பெற்றுவிட்டது, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கேள்விக்கு உள்ளாகும் இடங்கள்

2014-ல் சிங்கப்பூரில் டேவிட் சில்வர் குழு கண்டுபிடித்த ஒன்று இந்த எண்ணின் அடியிலேயே கை வைத்தது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பில் எம்.எஃப்.எஸ்.டி.2ஏ என்ற கடத்திப் புரதம் இருக்கிறது. அது கட்டற்ற டி.எச்.ஏ.-வைத் தொடுவதில்லை, லைசோபாஸ்ஃபாடிடைல்கோலின் என்ற கொழுப்போடு பிணைந்த டி.எச்.ஏ.-வைத்தான் உள்ளே கொண்டுபோகிறது. அந்த மரபணு இல்லாத எலிகளின் மூளையில் டி.எச்.ஏ. வெகுவாகக் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டே, இந்த மரபணு பழுதான குழந்தைகளுக்குத் தலை சிறுத்துப் பிறக்கும் குறை வருவதும் தெரிந்தது.

பெதஸ்டா ஆய்வு அளந்தது கட்டற்ற டி.எச்.ஏ.-வை மட்டும். பிணைந்த வழியில் கணிசமாக வருகிறது என்றால், 3.8 முழு வரவு அல்ல, ஒரு வாசலின் வரவு. மருந்தின் ஒரு பங்கைக் கல்லீரல் எடுத்து, பிணைத்து, திரும்ப ரத்தத்தில் விடும், அதற்கு மணிக்கணக்காகும். அதற்குள் கார்பன்-11 தேய்ந்து ஸ்கேன் முடிந்திருக்கும். மறுபக்கத்தில், டொரான்டோவில் ரிச்சர்ட் பாசினெட் குழு 2015-ல் எலிகளில் இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டு, மொத்தக் கணக்கில் கட்டற்ற டி.எச்.ஏ.-தான் மூளைக்கு முக்கிய வரவு என்றது. எனக்கு அந்த எலிக் கணக்கு நியாயமாகப் படுகிறது. ஆனால் அது வளர்ந்த எலி. வளரும் குழந்தையின் மூளை அல்ல.

இன்னொன்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. மூளையின் மேற்பட்டை இரண்டிலிருந்து நாலு மில்லிமீட்டர் தடிமன். பெட் ஸ்கேனரின் கூர்மை அதைவிட மட்டம். ஆக மெல்லிய பட்டையின் ஒளி பக்கத்தில் கசிந்து மங்கலாகத் தெரியும். வயதானவர்களின் பட்டை இன்னும் மெலிந்திருக்கும், இன்னும் மங்கும். அராக்கிடோனிக் அமிலத்தை இளையவர், முதியவர் இருவரிலும் அளந்த 2002 ஆய்வு இந்தக் கசிவுக்குத் திருத்தம் போட்டுப் பார்த்தது. முதுமையால் ஏற்பு குறைந்ததுபோலத் தெரிந்தது திருத்தத்துக்குப் பிறகு நிற்கவில்லை. குறைந்திருந்தது பட்டையின் தடிமன். இந்தத் திருத்தம் போடாத எந்த ‘முதுமையும் மூளைக் கொழுப்பும்’ படத்தையும் நான் நம்புவதில்லை.

டி.எச்.ஏ.-வோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. பின்லாந்தின் துர்க்கு நகரில் உள்ள பெட் மையம், பால்மிட்டேட் என்ற இன்னொரு கொழுப்பு அமிலத்தின் கதிரியக்க வடிவை வைத்து உடல் பருமனும் சர்க்கரைக் கோளாறும் சேர்ந்தவர்களின் மூளையை 2010-ல் அளந்தது. நலமானவர்களைவிட அவர்கள் மூளையில் கொழுப்பு அமிலம் அதிகம் ஏறியது. ஆறு வாரம் கடும் பத்தியம் இருந்த பிறகு குறைந்தது. அதிகம் ஏறினால் நல்லது என்ற எண்ணத்துக்கு இது ஒரு குட்டு. 2017-ல் ஹுசைன் யாசின் குழு வெளியிட்ட டி.எச்.ஏ. ஆய்விலும் இதே முடிச்சு. அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏபோ-ஈ4 மரபணு உள்ள, நினைவில் எந்தக் குறையும் இல்லாதவர்களின் மூளை, அது இல்லாதவர்களைவிட அதிகம் டி.எச்.ஏ. இழுத்தது. ஓட்டை வாளிக்குத்தான் அதிகம் ஊற்ற வேண்டியிருக்கும்.

மறுநாள் தம்பி மறுபடி டப்பாவோடு வந்தார். வாயில் போடும் 120, ஊசியில் போடுவது அல்ல. குடல், கல்லீரல், தசை எல்லாம் தாண்டி வர வேண்டும் என்றேன். மனிதர்களை அளப்பதற்கு முன் அந்த பெதஸ்டா ஆய்விலேயே குரங்குகளுக்கு நேரே ரத்தத்தில் போட்டதிலேயே மூளைக்குப் போனது சுமார் அரை சதவீதம்தான். மீதியை மற்ற உறுப்புகள் எடுத்துக்கொண்டன.

அவர் கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம மெஷின்லயே எங்க அம்மாவை அளந்து பார்க்கலாமாண்ணே?”

“மெஷின் போதும்டா. பக்கத்துலயே சைக்ளோட்ரான் வேணும். அப்புறம், அம்மா மணிக்கட்டுத் தமனியில ஊசி குத்த விடுவாங்களா?”

“பி.பி. பார்க்கவே கையைக் கொடுக்க மாட்டாங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போனார்.